பதின்மூன்று வயதுத் தோளில் ஒரு மடிப்பு

1

நகரசபையிலிருந்து எந்தக் கடிதம் வந்தாலும் என் கணவருக்கு அது வரிக் கடிதம்தான். அவர் இலங்கையில் மதுரங்குளிக்காரர். பழைய வாகனங்களின் உதிரிப்பாகங்களை ஊருக்கு அனுப்புகிற வியாபாரம். ஜப்பானுக்கு வந்து இருபது வருடத்துக்கு மேலாகியும் அந்த நீல உறையைக் கண்டால் மனிதருக்கு முகம் கறுத்துவிடும். போன இலையுதிர் காலத்தில் வந்த உறையையும் பிரிக்காமல் இரண்டு நாள் குளிர்சாதனப் பெட்டியின் மேல் போட்டு வைத்திருந்தார். மூன்றாம் நாள் நான் பிரித்தேன். உள்ளே இருந்தது எங்கள் மகள் சுமையாவுக்கான அழைப்பு.

இந்த நாட்டில் சட்டப்படி பதினெட்டு வயதில் பெரியவர்கள் ஆகிவிடுகிறார்கள். ஆனால் விழா இன்னும் பல ஊர்களில் இருபதில்தான். ஜனவரியில் அதற்கென்று ஒரு விடுமுறை நாளும் உண்டு. பெண் பிள்ளைகள் நீளக் கை வைத்த கிமோனோ உடுத்து, கழுத்தில் வெள்ளை ரோமச் சால்வை போட்டுக்கொண்டு மண்டபத்துக்குப் போவார்கள். நகரபிதா எழுந்து வாழ்த்துவார். நம் பக்கத்தில் ஒரு பெண் பெரியவளானால் ஆண்கள் காதில் விழாமல் அதை மறைக்கப் படாத பாடு படுவோம். இங்கே நகரபிதாவே கடிதம் போடுகிறார்.

வரவை உறுதி செய்ய நகரசபைக்குப் போனேன். படிவத்தில் பெயருக்கு இருந்த கட்டங்கள், தகப்பன் பெயரும் சேர்ந்த எங்கள் பெயருக்குப் போதவில்லை. எந்த இடத்தில் வெட்டலாம் என்று அந்த உத்தியோகத்தர் மிகப் பணிவாகக் கேட்டார். வாப்பாவை வெட்டிவிடுங்கள் என்றேன். வீட்டில் சொன்னபோது அவள் வாப்பாவைத் தவிர எல்லோரும் சிரித்தோம். எல்லோரும் என்றால் நானும் மகளும்தான்.

சிரித்து முடித்த பிறகு அந்த அழைப்பை மறுபடி உறைக்குள் போட்டு மூடி வைத்தேன். ஏன் என்பதை எழுதத்தான் இந்தக் குறிப்புகளை ஆரம்பித்தேன்.

2

நான் வேலை செய்வது கிமோனோ வாடகைக்குக் கொடுக்கும் ஒரு கடையில். முன்பக்கம் படம் எடுக்கிற அறை, பின்பக்கம் தையல் அறை. பின்பக்கம் என்னுடையது. சிறு பிள்ளைகளின் கிமோனோவுக்குத் தோளிலும் இடுப்பிலும் மடிப்புப் பிடித்துத் தைப்பது என் முக்கியமான வேலை. துணியை வெட்டுவதில்லை. பெரிய அளவிலேயே தைத்து, மிச்சத்தை மடித்து, கண்ணுக்குத் தெரியாத தையல் போட்டு வைப்பார்கள். பிள்ளை வளர வளர மடிப்பைப் பிரித்து விடுவார்கள். தோளில் மடிப்பு இருந்தால் இன்னும் பிள்ளை, பிரித்துவிட்டால் பெரியவள் என்று கணக்கு.

வசந்த காலத்தில் பதின்மூன்று வயதுக்காரிகள் வருவார்கள். அந்த வயதில் கோயிலுக்குப் போய்ப் புத்தி கேட்டு வேண்டிக்கொள்வது சில குடும்பங்களின் வழக்கம். முழு அளவுக் கிமோனோவை முதல் தடவையாக உடுப்பார்கள், ஆனால் தோளில் மட்டும் மடிப்பு இருக்கும். ஊசியோடு அவர்களுக்குப் பின்னால் நிற்கும்போது கழுத்துப் பட்டியைச் சரி செய்கிற சாக்கில் புறங்கையை அந்தப் பிள்ளைகளின் பிடரியில் ஒரு கணம் வைத்துப் பார்ப்பேன். காய்ச்சல் இருக்கிறதா என்று. ஒரு நாள் கடைக்கார அம்மா அதைப் பார்த்துவிட்டு என் கை குளிர்ச்சியாக இருக்கிறதென்று மட்டும் சொன்னார். இந்த ஊரில் இதற்கு மேல் கேட்கமாட்டார்கள்.

உடை மாற்றும் அறையின் திரையை நான் முழுதாக மூடுவதுமில்லை. உள்ளே ஒரு பிள்ளை நிற்கும்போது வெளியே திரை மூடிக் கிடந்தால் எனக்கு மூச்சு முட்டும். ஒரு சாண் இடைவெளி விடுவேன். இதையும் எல்லோரும் பழகிக்கொண்டார்கள்.

3

சுமையா துணி வடிவமைப்புப் படிக்கிறாள். இறுதி வருட வேலைக்குத் தன் ஃபுரிசொடெயை, அதுதான் அந்த நீளக் கைக் கிமோனோவை, தானே வடிவமைத்து, முதலில் விழாவுக்கு உடுத்துவிட்டுப் பிறகு கல்லூரிக் கண்காட்சியில் வைக்கப் போவதாகச் சொன்னாள். "தலைக்கு என்ன செய்வாய்?" என்றார் அவள் வாப்பா. அதே துணியில் முக்காடு என்றாள். அவர் அத்தோடு சமாதானமாகிவிட்டார். உதிரிப்பாகங்களைத் தவிர மற்றதெல்லாம் அவருக்கு இரண்டு கேள்வியில் முடிந்துவிடும்.

அவளுடைய குறிப்புப் புத்தகத்தைத் திருட்டுத்தனமாகப் பார்ப்பது என் வழக்கம். என் வீட்டில் இன்னும் எனக்குப் புரிகிற மொழியில் மகள் பேசுவது அதில்தான், படங்களில். தமிழில் கேட்டால் ஜப்பானிய மொழியில் பதில் வரும், அதுவும் அரைவாசி. புத்தகத்தில் ரயில் நிலையத்தில் நிற்கும் பிள்ளைகளை வரைந்திருந்தாள். பையில் பத்துப் பொம்மை தொங்கவிட்டவள், கறுப்பும் இளஞ்சிவப்புமாகச் சுருக்கு வைத்த சட்டையில் அழுத மாதிரிக் கண்ணுக்குச் சாயம் பூசியவள், விழாவுக்குத் தங்க நிறத்தில் மினுமினுவென்று உடுத்து விசிறியில் தன் பெயரை எழுதிய பையன். பள்ளிக்கூட வாசலைத் தாண்டியதும் பாவாடையை இடுப்பில் சுருட்டிக் குட்டையாக்குகிற மாணவிகளை மட்டும் ஆறு பக்கம் வரைந்திருந்தாள். எதிர்ப்பக்கத்தில் என் கடைக் கிமோனோவின் தோள் மடிப்பு. அடியில் ஒரு வரி. சின்னப் பிள்ளைகள் பெரியவர்களாக மடிப்பைப் பிரிக்கிறார்கள், இவர்கள் பெரியவர்களாக மடிப்பைச் சுருட்டுகிறார்கள் என்று. எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பக்கத்தின் கீழே ஆசிரியை சிவப்பு மையில் எழுதியிருந்ததை வாசித்ததும் பெருமை போய்விட்டது. 'உன் வீட்டில் எப்படிப் பெரியவர்கள் ஆனார்கள்? கேட்டாயா?'

கேட்டாள். நான் சமையல் இருக்கிறது என்று எழும்பிவிட்டேன். அன்றைக்கு இரவுச் சாப்பாட்டுக்குக் கடையில் பாண் வாங்கி வந்திருந்தோம், சமையலே இல்லை.

4

நான் சொல்லாததை அவள் என் பழைய பெட்டிக்குள் தேடிப் பிடித்தாள். ஒரு சட்டை. மஞ்சள் நிலத்தில் ஊதாப் பூ. அரைக்குக் கீழே மூன்று மடிப்பு.

இதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். யுத்த காலத்தில் இயக்கக்காரர்கள் மன்னார்ப் பக்கத்திலிருந்து முஸ்லிம்களான எங்களைப் போகச் சொன்னபோது படகில் ஏறி கற்பிட்டிக் கரையில் இறங்கி, கடைசியில் கரைத்தீவில் களப்போரமாக இருந்த அகதி முகாமில் ஓலைக் குடிசை போட்டோம். வாப்பா, உம்மா, நானா, நஸீமா ராத்தா, நான். நானா எங்கள் மூத்த அண்ணன். ராத்தா என் அக்கா, என்னைவிட நான்கு வயது மூத்தவள். நிவாரணத்தில் துணி வந்தது. எல்லாக் குடிசைக்கும் ஒரே துணி, அந்த மஞ்சளில் ஊதாப் பூ. முகாம் முழுக்கப் பெண் பிள்ளைகள் அதிலேயே திரிந்தோம். தாய்மார் பின்னாலிருந்து யாருடைய பிள்ளையையோ கூப்பிட்டு அடித்துவிட்டு, முகத்தைப் பார்த்துவிட்டுத் தடவிக் கொடுத்தார்கள். ராத்தாவின் சட்டையை உம்மா பெரிதாகத் தைத்து, கீழே மூன்று மடிப்புப் பிடித்திருந்தார். வளர வளரப் பிரித்து விடலாம் என்று.

"இதப் பாருங்க உம்மா," என்று சுமையா ஓடி வந்தாள். நீண்ட நாளைக்குப் பிறகு முழு வசனமும் தமிழில். "மடிப்புக்கு உள்ளுக்கு இருக்கிற கலர் அப்படியே இருக்கு! இது ஆருட?"

"ஒன்ட பெரியம்மாட. காய்ச்சல்ல மவுத்தாகிட்டா."

"எத்தின வயசுல?"

"பதின்மூணு."

அவள் சட்டையை மெதுவாகக் கட்டிலில் விரித்தாள். அன்றே வடிவம் பிறந்துவிட்டது. அந்தப் பூவைப் பெரிதாக்கி ஃபுரிசொடெ முழுக்க அச்சிடுவாள், வெளியே வெளுத்த நிறம், மடிப்புக்குள் புது நிறம். இருபது வயதில் யாருமே வைக்காத தோள் மடிப்பை வைத்து விழாவுக்கு உடுப்பாள், பிறகு அதைப் பிரித்துக் கண்காட்சியில் தொங்கவிடுவாள். கூட வைக்கும் அட்டையில் ஒரு வரி. அதைத் தமிழிலும் எழுதித் தாருங்கள் என்று நீட்டினாள். 'பெரியவளாகாமலே போன என் பெரியம்மாவுக்கு.'

அந்த அட்டையை ஒரு வாரம் பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். உம்மா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. வாப்பாவுக்குப் பின்னால் அவரும் போன பிறகு, அந்த வரி பொய் என்று மகளுக்குச் சொல்லக்கூடியவள் நான் ஒருத்திதான். சும்மா இருந்தால் யாருக்கும் தெரியப் போவதில்லை. மகள் பொய்யை உடுத்துக்கொண்டு ஆயிரம் பேர் முன்னால் நிற்பாள், அவ்வளவுதான். அந்த அவ்வளவுதானை என்னால் விழுங்க முடியவில்லை.

5

துணி அச்சாகி வந்தது. மடிப்பை நீங்களே தையுங்கள் என்று மகள் கேட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கதிரையில் அவளை எனக்கு முதுகு காட்டி உட்கார வைத்துத் தோளில் துணியை அளந்தேன். முகத்தைப் பார்க்காமல் கதைக்க எனக்குக் கிடைத்த ஒரே இடம் அதுதான்.

"பெரியம்மா பெரியவளாகாமப் போகல்ல," என்றேன். "பெரியவளாகித்தான் போனா."

நான் சொன்னது இதுதான்.

ராத்தா பெரிய பிள்ளையானது முகாமில். நம் வழக்கம், ஏழு நாள் உள்ளே வைத்து, ஆண்கள் கண்ணில் படாமல் பார்த்து, ஏழாம் நாள் தண்ணீர் வார்ப்பது. வீடு இருந்தால் அறை இருக்கும். எங்களுக்கு இருந்தது ஓலைச் சுவர், அடுத்த குடிசையின் இருமல் நம் தலையணையில் கேட்கும். நாலு பேருக்குச் சோறு கொடுக்க வழியில்லாமல் இதை ஊருக்குச் சொல்வது எப்படி என்று உம்மா வெட்கப்பட்டார். அறிமுகமில்லாத சனத்துக்கு நடுவில் குமர்ப் பிள்ளை இருக்கிறது என்று தெரிவதற்குப் பயந்தார். நானாவைப் பள்ளிவாசலில் போய்ப் படுக்கச் சொல்லிவிட்டார். வாப்பா பள்ளிவாசல்துறையில் வள்ளத்தில் கூலிக்குப் போயிருந்தார், வாரத்துக்கு ஒரு தடவைதான் வருவார். உம்மா தண்ணீர் கொண்டு வரும் பவுசர் வண்டிக்கு வரிசையில் நிற்கப் போனால் இரண்டு மணித்தியாலம் ஆகும். அந்த நேரம் வாசலில் காவல் நான்.

"ஆரு கேட்டாலும் ராத்தா வாப்பாவப் பாக்கப் போயிருக்கா எண்டு சொல்லு. ஒருத்தரையும் உள்ளுக்கு விட்டுடாத," என்றார் உம்மா. எனக்கு ஒன்பது வயது. அவ்வளவு பெரிய வேலையை அதுவரை யாரும் என்னிடம் தந்ததில்லை. தட்டிக் கதவுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்தேன்.

நாலாம் நாள் ராத்தாவுக்குக் காய்ச்சல். உம்மா கொத்தமல்லி அவித்துக் கொடுத்தார். ஏழு நாள் முடியட்டும், தண்ணீர் வார்த்ததும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகலாம் என்றார். ஐந்தாம் நாள் உம்மா பவுசருக்குப் போயிருந்தபோது, காய்ச்சல்காரர்களைப் பார்க்கக் குடிசை குடிசையாக ஒரு டொக்டர் வந்தார். கூட ஒரு நேர்ஸ், கையில் மருந்துப் பெட்டி. டொக்டர் என் முன்னால் குந்தியிருந்தார்.

"மகள், வீட்டுல ஆருக்காச்சும் காய்ச்சல் இருக்கா?"

"இல்ல."

"உள்ளுக்கு ஆரு இருக்காங்க?"

"ஒருத்தருமில்ல."

அவர் என் கன்னத்தைத் தட்டிவிட்டு அடுத்த குடிசைக்குப் போனார். நான் என் வேலையைச் சரியாகச் செய்தேன் என்று நினைத்தேன். ஆறாம் நாள் ராத்தாவுக்கு நினைவு தப்பியது. ட்ராக்டரில் புத்தளம் கொண்டு போனார்கள். ஏழாம் நாள் தண்ணீர் வார்த்தார்கள். அடக்கத்துக்கு முன் மையித்தைக் குளிப்பாட்டுகிற தண்ணீர்.

மடிப்பைத் தைத்துக்கொண்டே சொன்னேன். சட்டையின் கதையையும் சொன்னேன். அது வெளுத்தது ராத்தா உடுத்து அல்ல. நாற்பதாம் நாள் கழிந்ததும் உம்மா அதை எனக்குப் போட்டுவிட்டார், இரண்டு வருடம் உடுத்தேன். நான் குட்டை. அதனால்தான் மடிப்பைப் பிரிக்கவில்லை.

சுமையா திரும்பவில்லை. "பெரியம்மா ஒண்டும் சொல்லலையா? அந்த டொக்டர் வந்த நேரம்?" என்று கேட்டாள்.

"இல்ல மகள். ஒறங்கிட்டு இருந்தா," என்றேன்.

6

பிறகு நான்கு நாள் அவள் என்னோடு கதைக்கவில்லை. சாப்பிட்டாள், கோப்பையைக் கழுவினாள், போய்ப் படுத்தாள். ஐந்தாம் நாள் அட்டையை என் பையிலிருந்து கேட்டு வாங்கிக்கொண்டாள்.

ஜனவரியில் விழா நடந்தது. மண்டபத்து வாசல் முழுக்க வெள்ளை ரோமச் சால்வையும் சிவப்பும் பச்சையுமாகப் பிள்ளைகள். நடுவில் என் மகள் எங்கள் முகாமின் துணியில், தோளில் மடிப்போடு நின்றாள். வயதான ஒரு பெண் அவள் தோளைப் பார்த்து, பிரிக்க மறந்துவிட்டார்கள் என்று கவலையோடு கடைக்கார அம்மாவிடம் முணுமுணுத்தார். அவள் வாப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு குளிர் என்றார். தூரத்திலிருந்து அந்தப் பூவைப் பார்த்தபோது எனக்கு ஒரு பதின்மூன்று வயதுக்காரி கூட்டத்துக்குள் நுழைந்து நுழைந்து போவது போலிருந்தது. படம் எடுக்கக் கூப்பிட்டார்கள். அவள் வாப்பாவைப் போகச் சொல்லிவிட்டு நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

அடுத்த மாதம் கண்காட்சி. மடிப்பைப் பிரித்துத் தொங்கவிட்டிருந்தாள். இரண்டு தோளிலும் விரல் அகலத்துக்குப் புது மஞ்சள், சத்தம் போடுகிற மாதிரி. கீழே அட்டை. ஜப்பானிய மொழியில் நாலு வரி.

'என் பெரியம்மா பதின்மூன்று வயதில் பெரியவளானாள். அதற்காக உள்ளே வைக்கப்பட்டாள். மருத்துவர் வந்தபோது வாசலில் என் அம்மா இருந்தாள். என் அம்மாவுக்கு ஒன்பது வயது.'

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவளைப் படிக்கட்டடிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"நான் ஒனக்குச் சொன்னன். சுவருக்குச் சொல்லல்ல."

"பொய் ஒண்டுமில்லையே, உம்மா."

"ஆக்கள் என்ன நினைப்பாங்க? கொலைகாரி எண்டு நினைக்க மாட்டாங்களா?"

அவள் என்னைப் பார்த்த பார்வையை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. "கடைசி வரிய வாசிச்சீங்களா? அது ஒங்களுக்குத்தான் எழுதினது," என்றாள். பிறகு, "கழட்டச் சொன்னா இப்பவே கழட்டுறன்," என்றாள்.

திரும்பிப் போய் இன்னொரு தடவை வாசித்தேன். ஒரு மாணவி, இடுப்பில் பாவாடையைச் சுருட்டியவள், அட்டைக்கு முன்னால் நின்றிருந்தாள். வாசித்து முடித்து அவள் சுருட்டை அவிழ்க்கவுமில்லை, அழவுமில்லை. தலையைக் குனிந்து வணங்கிவிட்டுப் போனாள். நான் கழட்டச் சொல்லவில்லை. ஆனால் அந்த நாலு வரியிலும் இல்லாத ஒன்று என்னிடம் இருந்தது, அது எனக்கு மட்டும் தெரிந்தது.

7

படங்களைச் சுமையா குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறாள். கரைத்தீவில் யாருக்கு ஜப்பானிய மொழி தெரியும் என்று நான் நிம்மதியாக இருந்தேன். நானாவின் மூத்த மகள் முதியோர் பராமரிப்பு வேலைக்கு இங்கே வருவதற்காகப் புத்தளத்தில் மொழி வகுப்புக்குப் போவதை மறந்துவிட்டேன். அவள் அட்டையை எழுத்துக் கூட்டி வாசித்துத் தன் வாப்பாவுக்குச் சொல்லியிருக்கிறாள்.

அடுத்த நாள் மதியம் தையல் அறையில் இருக்கும்போது ஊரிலிருந்து நானா ஃபோனில் அழைத்தார். அங்கே காலை. சலாம் சொன்னார், குளிர் எப்படி என்றார், பிள்ளை உடுப்பு வடிவாக இருக்கிறது என்றார்.

"டொக்டர் வந்தவர் எண்டு எனக்குத் தெரியாது," என்றார்.

"உம்மாக்கும் தெரியாது நானா. நான் சொல்லல்ல."

"உம்மா ஒன்னட்ட ஒண்டும் கேக்கல்லையா? கடைசி வரைக்கும்?"

"இல்ல."

"என்னட்டக் கேட்டா. ஒவ்வொரு நோம்புக்கும் கேட்டா. மவுத்தாகுற கிழமையும் கேட்டா. 'நான் பவுசருக்குப் போன நேரத்துல மூத்தவ கூப்பிட்டிருப்பாளோ, சின்னவ வாசல்லயே இருந்தாளே' எண்டு. ஒன்னட்டக் கேக்கப் பயம் அவவுக்கு. நான் என்ன சொல்ல? 'இல்ல உம்மா, அவ ஒறங்கிட்டு இருந்தா' எண்டு சொல்லுவன். எனக்கு என்ன தெரியும், நான் பள்ளியில கெடந்தவன்."

கையிலிருந்த ஊசியை எங்கே வைப்பதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். நான் மகளுக்குச் சொன்ன அதே பொய்யை அவர் முப்பது வருடமாக உம்மாவுக்குச் சொல்லி வந்திருக்கிறார். உம்மா அதை நம்பவில்லை. நம்பியிருந்தால் மறுபடி மறுபடி கேட்டிருக்க மாட்டார்.

"இப்ப நான் கேக்குறன் பர்வீன்," என்றார் நானா. "உம்மா இல்ல. இனிச் சொல்றதுக்கு என்ன. அவ கூப்பிட்டாளா?"

"ஓம் நானா."

"டொக்டர் நிக்கக்குள்ளயா?"

"ஓம். 'பர்வி, தொறடி' எண்டு. மெதுவாத்தான் கூப்பிட்டா. டொக்டருக்குக் கேக்கல்ல. எனக்குக் கேட்டிச்சி."

அந்தப் பக்கத்தில் நானா எழும்பிப் போய் ஒரு கதவைச் சாத்துவது கேட்டது.

"எத்தின தரம்?" என்றார்.

"மூணு தரம்."

அவர் ஃபோனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.